உயிரோடிருந்தவருக்கு ஒரு மரண அறிவிப்பு

"சாவு நியூஸ் போடறதுக்கு வெப்சைட்ல எந்தப் பிளகின் சேத்தா நல்லதுன்னு இன்டர்நெட்ல தேடுனா ஒண்ணும் வராதுக்கா," என்றாள் காமினி. "நானாத்தான் மூணு பிளகினைப் போட்டுப் பாத்து முடிவு பண்ணேன்."

"செத்தவங்க யாரும் கம்ப்ளேன் பண்ணலைல? அப்ப நல்ல பிளகின்தான்லா," என்றான் தயாளன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடமாகப் பார்த்துத்தான் அவனுக்கு வழக்குகள் வந்து சேரும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வந்த எரிச்சலைக் காமினி கொடுத்த, பாலில்லாத கோப்பி ஓவும் தணிக்கவில்லை. சுபாஷினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடு என்று பொருள்படும் அந்தப் பார்வை அவனுக்குப் பழகிப்போய்ப் பல காலமாகிறது. அதற்கு அவன் கட்டுப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது.

சுபாஷினி ஒரு வங்கியின் மோசடிப் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்து, ஜார்ஜ்டவுனில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். தயாளன் அதற்கு முன் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து, பழைய கட்டடங்களுக்கெல்லாம் பேய்க்கதை கட்டிவிட்டவன். அவளிடம் வந்து சேர்ந்த பிறகுதான் மனிதர்களோடு ஒப்பிட்டால் பேய்கள் எவ்வளவோ தங்கமானவை என்று தெரிந்துகொண்டான்.

காமினி ஓர் இணையதளம் நடத்துகிறாள். தீவிலும் பாலத்துக்கு அக்கரையிலும் தமிழர் வீட்டில் யார் இறந்தாலும் அதில் அறிவிப்பு வரும். படம், பிள்ளைகள் பெயர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கும். போன சனிக்கிழமை காலை அதில் வந்த அறிவிப்பு, டத்தோ கிராமாட்டில் வசிக்கும், நேமங்கோயிலைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார் இயற்கை எய்தினார் என்றது. மாலையும் கையுமாக ஊர் திரண்டு போய்ப் பார்த்தால், இயற்கை எய்தியவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஓடி வந்தவர்களில் அவருடைய மகள் ஹேமாவும் ஒருத்தி. அர்ஜுனன் என்பவனை, சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டதற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள். இப்போது தாசேக் கெலுகோரில் இருக்கிறாள். அறிவிப்பைப் பார்த்ததும் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி ஓடி வந்தாள். வாசலில் அழுதுகொண்டு நின்றவளை அப்பா கூடத்திலிருந்தே பார்த்தார். "உசுரோட இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி போட்டுட்டு, பொணத்தப் பாக்க வந்திருக்கா," என்று அத்தனை உறவுக்கும் முன்னால் சொன்னார். அவள் படியிறங்கிய பிறகு, பிணம் போன வீட்டைக் கழுவுவது போல வாசலைக் கழுவச் சொன்னார். தண்ணீர் அவள் காலில் பட்டது.

இதையெல்லாம் ஹேமா நேற்று அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தயாளனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க அண்ணன் முத்துவீரப்பன் மேலதான் எனக்குச் சந்தேகம்," என்றாள். "ஆனா யாரா இருந்தாலும் பரவால்ல. போட்டது நான் இல்லன்னு அப்பச்சிக்குத் தெரியணும். அவருக்குத் தெரிஞ்சா போதும்க்கா." செட்டியார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதற்காகத்தான் இவர்கள் இன்று இத்தனை மாடி ஏறி வந்தது.

"மூணு பிளகின்ல எத எடுத்தே, ஏன் எடுத்தே, அத மட்டும் சொல்லு," என்றாள் சுபாஷினி.

காமினி மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். "மொதல்ல போட்டதுல அக்கவுண்ட் திறந்து, பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள போனாத்தான் திருத்த முடியும். சாவு வீட்டுல யாருக்கா பாஸ்வேர்ட் ஞாபகம் வெச்சிருப்பா? எனக்கு அடிச்சு அழுவாங்க. ரெண்டாவது பாக்க ரொம்ப அழகு. ஆனா திருத்துனா பழசு அப்படியே இருக்கும், புதுசா இன்னொண்ணு வந்துரும். பட்டர்வர்த்துல ஒரு அங்கிள் ரெண்டு தடவ செத்தாரு."

"பாவம், மொத தடவ சரியா சாகல போல," என்றான் தயாளன்.

"மூணாவது இது. பாஸ்வேர்ட் கிடையாது. ஃபார்ம ரொப்பி அனுப்புனா, அவங்க ஈமெயிலுக்கு ஒரு லிங்க் போகும். அதத் தட்டுனா போதும், போன்லயே திருத்தலாம். எனக்கு ஃபோன் பண்ண வேணாம், டேஷ்போர்டுக்குள்ள வர வேணாம். எடுக்கிற நேரம் மாறும், பேரு விட்டுப்போகும், அவங்களே போட்டுக்குவாங்க. வயசானவங்களும் சுலபமா செய்யணும்னுதான் இத எடுத்தேன்."

"போட்டவங்க ஈமெயில்?"

"ஹேமா பேருல. ஆனா அந்தக்கா தன்னோடது இல்லன்னு சொல்றாங்க. எவன் வேணும்னாலும் எவ பேருலயும் ஈமெயில் திறக்கலாம்ல."

"அந்தத் திருத்தற லிங்க் எப்பக் காலாவதியாகும்?"

காமினி உதட்டைக் கடித்தாள். "ஆகாதுக்கா. லிங்க் கையில இருந்தா எப்ப வேணும்னாலும் திருத்தலாம். நான் தப்பான பிளகின எடுத்துட்டேனா?"

"இப்போதைக்கு அதுதான் நமக்கு நல்லது," என்றாள் சுபாஷினி. எந்தக் கணினியிலிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது என்று தோண்டுகிற ஆராய்ச்சியில் அவளுக்கு ஆர்வம் குறைவு. மனிதர்களுடைய ரோஷத்தின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அசைக்க முடியாதது. "தயா, அந்த அறிவிப்ப எடுத்துப் படி. யாரு பேரு விட்டுப்போச்சுன்னு சொல்லு."

தயாளன் படித்தான். மனைவி பெயர், காலஞ்சென்றவர் என்ற அடைமொழியோடு இருந்தது. மகன் முத்துவீரப்பன், மருமகள் தெய்வானை, அவர்களுடைய மகள். அப்புறம் மகள் ஹேமா, மருமகன் அர்ஜுனன். ஊரே ஹேமாவைக் கைகாட்டியதற்கு அந்தக் கடைசிப் பெயர்தான் காரணம். அர்ஜுனன் என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் வாயால் உச்சரிப்பதுகூடக் கிடையாது. அதைப் போய் அச்சில் போட ஹேமாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மறுபடி படித்தபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. நேற்று ஹேமா பேசி முடிக்கும்வரை அவனுடைய நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்த அவள் மகளின் பெயரைக் காணோம்.

"மீனாட்சி பேரு இல்லக்கா."

"அண்ணன் மகள் பேரப் போடுவா, புருஷன் பேரப் போடுவா, வயித்துல பெத்தது பேர விட்டுருவாளா? இத எழுதுன ஆளுக்கு அந்தக் குழந்தை பேரு தெரியாது. சரி, ஹேமா இல்ல. இப்ப யாருன்னு பாப்போம்." சுபாஷினி காமினியின் பக்கம் திரும்பினாள். "அதே அறிவிப்புல, அதே இடத்துல, மறுப்பு ஒண்ணு போடணும். நான் சொல்றேன், அடி."

அவள் சொல்லச் சொல்லக் காமினி தட்டினாள். சனிக்கிழமை வெளியான செய்தி தவறானது. சூரக்குடி கோயிலைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியார் நலமுடன் இருக்கிறார். அன்னாரின் மகன் முத்துவீரப்பன், மகள் ஹேமா ஆகியோருக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறோம்.

"அக்கா, அவரு நேமங்கோயில்லா. சூரக்குடி அவரு சம்சாரம் பொறந்த வீட்டுக் கோயில். நேத்துத்தானே ஹேமா சொன்னாங்க," என்றான் தயாளன்.

"தெரியும்."

செட்டியார்மாரில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. அந்த முறைக்குள் பெண் எடுப்பது என்பது நினைத்துப் பார்க்கக்கூடாத காரியம். இந்த மறுப்பைப் படிக்கிற ஒவ்வொரு செட்டியாரும், சிதம்பரம் தங்கை முறையுள்ளவளையா கட்டியிருந்தார் என்று விழி பிதுங்குவார்.

"கொன்னுட்டீங்கக்கா. போன வாரம் செத்த மனுஷன இந்த வாரம் மறுபடியும்."

"அந்த வீட்டுல யாராலயும் இதப் பாத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. லிங்க் இல்லாதவங்க என்ன செய்வாங்க? காமினிக்கு ஃபோன் போட்டுக் கத்துவாங்க. லிங்க் இருக்கிற ஆளு கத்த மாட்டான். சத்தமில்லாம திருத்திட்டுப் போயிருவான்."

"அப்ப ஃபோன் அடிக்கிறவன் நல்லவன்."

"அவ்வளவுதான். காமினி, போட்டுட்டு அவங்க குடும்பத்து குரூப்புக்கு அனுப்பிரு."

காமினி அனுப்பினாள். தயாளன் தன் பங்குக்கு, முத்துவீரப்பன் ஃபோன் அடிக்கப் போவதில்லை என்று அடித்துச் சொன்னான். தங்கையை ஒழித்துக் கட்ட அண்ணனைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்பது அவன் கட்சி. சொல்லி வாய் மூடவில்லை, காமினியின் ஃபோன் அலறியது.

"யாரும்மா இத எழுதுனது?" முத்துவீரப்பனின் குரல் ஃபோனுக்கு வெளியே வந்து நின்றது. காமினி ஸ்பீக்கரில் போட்டாள். "எங்க ஆத்தா பொறந்த கோயில எங்க அப்பச்சிக்குப் போட்டிருக்கியே, மூள இருக்கா உனக்கு? உடனே மாத்து. எங்க மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு."

"சம்பந்தி வீட்டுல பாத்துட்டா என்னங்க செய்றது? சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க," என்று பின்னால் ஒரு பெண் குரல் பதறியது. தெய்வானையாகத்தான் இருக்க வேண்டும்.

கணவன் கத்துகிறான், மனைவி பக்கத்தில் நின்று தூண்டுகிறாள். இரண்டு பேரும் லிங்க் இல்லாதவர்கள். தயாளனின் கட்சி தோற்றுப்போனது. அவன் தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதமாகக் கையை விரித்துக் காட்டிய அதே நேரம், மடிக்கணினியில் டிங் என்று ஒரு சத்தம் வந்தது. யாராவது எதையாவது திருத்தினால் காமினிக்கு வரும் செய்தி அது. காமினி பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள்.

சூரக்குடி போய் நேமங்கோயில் வந்திருந்தது. இன்னொரு மாற்றமும் இருந்தது. மகன் முத்துவீரப்பனுக்குப் பக்கத்தில் இருந்த மகள் ஹேமா என்ற இரண்டு வார்த்தைகளும் இல்லை.

ஃபோனில் முத்துவீரப்பன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். சுபாஷினி குனிந்து மெதுவாகக் கேட்டாள். "சார், இப்ப வீட்டுல வேற யாரு இருக்கா?"

"வேற யாரு? மக வேலைக்குப் போயிட்டா. அப்பச்சி ரூம்ல படுத்திருக்காரு. ஏன்?"

தயாளன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

---

டத்தோ கிராமாட் வீட்டில் முத்துவீரப்பன்தான் கதவைத் திறந்தான். மறுப்பு விஷயமாக ஐயாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வந்திருப்பதாகச் சுபாஷினி சொன்னாள். மன்னிப்பு என்றதும் உள்ளே விட்டான்.

சிதம்பரம் செட்டியார் அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்ற சட்டை, நெற்றி நிறைய விபூதி. தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன் கிடந்தது. அதை ஒளித்து வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கணினி வந்த காலத்தில் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அதைக் கற்றுக்கொண்டவர் அவர் என்று சுவரில் தொங்கிய ஒரு பாராட்டுப் பத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

"கோயில் பேரத் தப்பாப் போட்டது நீதானா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"கெட்டிக்காரி." அவர் சிரிக்கவில்லை. "அது தூண்டில்னு திருத்தி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது. தெரிஞ்சிருந்தாலும் திருத்தித்தான் இருப்பேன். என் பொண்டாட்டிய எவனும் தப்பாப் பேசப்படாது."

"உங்களுக்கு நீங்களே சாவுச் செய்தி போட்டுக்கிட்டீங்க," என்றாள் சுபாஷினி. "ஏன்?"

"பேத்திக்குக் கல்யாணம். பங்காளிங்க வந்து உக்காந்துட்டாங்க. அத்தைய அழைக்காம என்ன கல்யாணம், போனது போச்சு, ஹேமாவக் கூப்பிடுங்கன்னு. அத்தன பேரு சொல்லும்போது நான் தட்ட முடியாது. தட்டுனா நான் பொல்லாதவன். அவங்களே வேணாம்னு சொல்லணும்." அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து நிதானமாகக் குடித்தார். "சனிக்கிழம சாயங்காலமே சொல்லிட்டாங்க. பெத்த அப்பனுக்குச் சாவுச் செய்தி போட்டவள எவன் பந்தல்ல நிக்க விடுவான்?"

"அவங்க வருவாங்கன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" தயாளன் கேட்டான்.

"அந்தப் பய பேரப் போட்டேன்ல. மருமகன்னு. அதப் பாத்தா, அப்பச்சி சாகும்போது மன்னிச்சிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு ஓடி வருவா. வந்தா."

"வராம இருந்திருந்தா?"

"அப்பன் செத்ததுக்குக்கூட வராதவள்னு சொல்லியிருப்பேன்."

தயாளன் பல திருடர்களைப் பார்த்திருக்கிறான். பிடிபட்டதும் கெஞ்சுவார்கள், பொய் சொல்வார்கள், சிலர் அடிக்க வருவார்கள். இந்த மனிதர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிய வேண்டும் போல இருந்தது அவனுக்கு. வயதுக்கு மரியாதை கொடுத்துப் பழகிய கை எழவில்லை. அதற்காக அவன் தன்னையே வெறுத்தான்.

"ஐயா, பேத்தி பேர விட்டுட்டீங்க. மீனாட்சி," என்று மட்டும் சொன்னான்.

"எனக்கு ஒரு பேத்திதான். அவளுக்குத்தான் கல்யாணம்."

வாசற்படியில் ஏதோ அசைந்தது. முத்துவீரப்பன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. தங்கைக்காக இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று தயாளன் காத்திருந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றான் முத்துவீரப்பன். "பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

அவனே வாசல் வரை வந்து வழியனுப்பினான். கேட்டைத் திறந்துவிட்டு, "கல்யாணம் முடியட்டும், மேடம். அதுவரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாலு பேரு வந்து போற வீடு," என்றான். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டைச் சாத்தித் தாழ் போட்டான்.

---

பாலத்தில் கார் ஊர்ந்தது. சுபாஷினி இரண்டு தடவை தயாளனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோ வேலையத்த பய விளையாட்டுக்குப் போட்டான், ஆளு யாருன்னு கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிருவோம்க்கா," என்றான் கடைசியில். "ஒரு பொய்தானே. நான் சொல்றேன். எனக்குப் பழக்கம்."

"சொல்லலாம். அப்புறம் அவ என்ன செய்வா?"

அவன் யோசித்தான்.

"நான் இல்லன்னு அவரு நம்புற வரைக்கும் அந்த வாசல்ல போய் நிப்பா," என்றாள் சுபாஷினி. "ஒவ்வொரு தடவையும் வாசலக் கழுவுவாங்க."

தாசேக் கெலுகோரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று ஹேமாவுடையது. கார் நிற்கும் முன்பே அவள் வெளியே வந்துவிட்டாள். வேலையிலிருந்து நேரே வந்து காத்திருந்தாள் போல, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. பின்னால் மீனாட்சி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன்தானே அக்கா?"

"அண்ணன் இல்ல, ஹேமா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைத் தயாளன் பார்த்தான். சந்தேகப்பட்டதற்காக வெட்கப்படுகிறவளின் நிம்மதி. "அதானே. அண்ணனுக்கு அவ்வளவு கல்மனசு கிடையாது," என்றாள். "அப்ப யாரோ வெளி ஆளா? சரி, அது போகட்டும். அப்பச்சியப் பாத்தீங்களா? நான் இல்லன்னு சொன்னீங்களா?"

"பாத்தோம்," என்றாள் சுபாஷினி. "நீ இல்லன்னு அவருக்குத் தெரியும்மா."

சுபாஷினி அடுத்ததைச் சொல்ல மூச்செடுத்தாள். ஹேமா விடவில்லை. இரண்டு கையாலும் சுபாஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றெல்லாம் வராத கண்ணீர் இப்போது வந்தது. "நம்பிட்டாரா? அது போதும்க்கா, அது போதும். கோவக்காரரு, ஆனா நியாயம் தெரிஞ்சவரு." சட்டென்று உள்பக்கம் திரும்பினாள். "மீனாட்சி, செருப்பப் போடும்மா. போயிட்டு வந்துருவோம். அப்பா வர்றதுக்குள்ள வந்துரலாம்."

"ஐயா வீட்டுக்கா? இன்னைக்கு ஐயா திட்ட மாட்டாங்கல்ல?" என்று குழந்தை தாத்தாவைப் பற்றிக் கேட்டாள்.

"மாட்டாங்க."

மீனாட்சி ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கவனமாக வாரை மாட்ட ஆரம்பித்தாள். தயாளன் சுபாஷினியைப் பார்த்தான். அவள் குழந்தையின் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தங்கச்சி," என்றான். "அவருக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு இல்ல. மொதல்லேருந்தே தெரியும்."

ஹேமா சிரித்த முகத்தோடுதான் திரும்பினாள். அவன் சொன்னது காதில் விழுந்து, புரிந்து, அந்தச் சிரிப்பைக் கலைத்துவிட்டுப் போக நேரம் பிடித்தது. யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என் புருஷன் பேரப் போட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க வரணும்னுதான்."

குழந்தை இரண்டு செருப்பையும் மாட்டி முடித்து எழுந்து நின்று, போகலாமா என்றாள். ஹேமா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பதில் சொல்லாமல் வலது கால் செருப்பின் வாரை அவிழ்த்தாள். அப்புறம் இடது காலையும் அவிழ்த்தாள்.